ஓடாத பிலிமும் எங்கள் கல்யாணப் படமும்

எங்கே இருந்தாலும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டுதான் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரிந்த என் அன்பு ஏகாம்பரத்துக்கு,

இன்றைக்குத் தறியில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் நெய்யவில்லை. எங்கள் பெண் பள்ளிக்கூடம் போனதிலிருந்து நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து நடந்து என் பெண்டாட்டி மரகதத்தின் பொறுமை போய்விட்டது. "கொஞ்சம் ஒரு எடத்துல குந்துங்களேன்பா, எனக்குத் தல சுத்துது" என்று என்னைப் பிடித்து இங்கே உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கையில் பேனா இருந்தால் கால் சும்மா இருக்குமென்று உனக்கு எழுதத் தொடங்கினேன்.

நம் தெருப் படிப்பகத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஏதாவது எழுதித் தரச்சொல்லிப் போன வருஷமே கேட்டார்கள். அப்போது ஒரு வரி கூட வரவில்லை. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

விஷயம் இதுதான் மச்சான். இன்றைக்கு எங்கள் கல்யாணப் படம் எடுக்கிறோம். சிரிக்காதே. கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான். எடுக்கப்போவது உன் பெண்டாட்டி சுலோச்சனா. வந்தால் எடுப்பாள். வருவாளா, வந்தாலும் எங்கள் எதிரில் வந்து நிற்பாளா என்பது தெரியாமல்தான் நான் இந்த நடை நடந்துகொண்டிருக்கிறேன்.

மலரைப் படிக்கிறவர்களுக்கு முன்கதை தெரியாது. சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஊருக்கே தெரிந்த உன் குட்டுதானே, அச்சில் ஒரு தடவை வந்தால் குடி முழுகிப்போகாது.

என் கல்யாணத்துக்கு நீ போட்டோக்காரனாக மட்டும் வந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். நீதான் கல்யாண வீட்டையே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினாயே. பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கினாய். நாதஸ்வரக்காரருக்குக் காப்பி கொண்டுபோனாய். பெண் வீட்டார் வாங்கிவந்த மாலை சின்னதாக இருக்கிறதென்று சொல்லிப் பூக்கடைக்கு சைக்கிளில் பறந்தாய். நாங்கள் மணையில் உட்கார்ந்து புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோதுதான் காமிராவைத் திறந்து பிலிமை மாட்டினாய். சாம்பார் வாளி தூக்கிய அதே கையோடு.

பிலிமின் நாக்கு காமிராச் சக்கரத்தின் பல்லில் மாட்டவேயில்லை. நீ பொத்தானை அழுத்தினாய், பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது, எண் கூட ஒழுங்காக ஏறியது. உள்ளே பிலிம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. முப்பத்தாறு படத்துக்கான ரோல் முப்பத்தாறைத் தாண்டியும் முடியாமல் போனபோதாவது உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? "ராசியான ரோல்டா, போய்க்கினே இருக்குது பாரு" என்று என் காதில் பெருமையாகச் சொன்னாய். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

பிறகு நீ சொன்ன பொய்களை எண்ணி முடியாது. மெட்ராஸ் லேபில் இருக்கிறது என்றாய். லேபில் மிஷின் ரிப்பேர் என்றாய். என்னைத் தெருவில் கண்டால் சந்தில் திரும்பினாய். கடைசியில் மரகதமே ஸ்டூடியோ படியேறி வந்து நின்றாள். நீ ஆரஞ்சு நிறத்தில் வெறும் ரிப்பன் மாதிரி இருந்த நெகட்டிவை அவள் கையில் வைத்தாய். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"தார் போடாம நாள் பூரா நாடாவ ஓட்டிக்கினு இருந்தீங்களாண்ணா?"

நெசவு வீட்டுப் பெண் வேறு எப்படிக் கேட்பாள்? நூல் சுற்றிய தார் உள்ளே இல்லாவிட்டால், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனை தடவை விட்டாலும் துணி ஒரு விரல்கடை வளராது. எங்கள் பெண் பிறக்கும்வரை மரகதம் உன்னோடு பேசவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆவணியிலும் எங்கள் கல்யாண நாளன்று காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாய். "வாம்மா தங்கச்சி, இப்ப எடுத்துடலாம்" என்பாய். "கல்யாண போட்டோ கல்யாணத்தன்னிக்கு எடுக்கறது. காப்பி சாப்ட்டு போங்க" என்பாள் அவள். நீயும் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த ஆவணிக்குப் பார்க்கலாம் என்று போவாய். எப்போதும் அடுத்த ஆவணி இருக்கும் என்றுதான் மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் காமாலை என்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கூட நான் அப்படித்தான் நினைத்தேன். ஏன் மச்சான், அவ்வளவு என்ன அவசரம் உனக்கு?

சரி, இப்போது உன் வீட்டுச் செய்தி. ஸ்டூடியோவை சுலோச்சனா மூடவில்லை. இருட்டறையில் உனக்குக் கைகொடுத்துப் பழகியவள்தானே, தொழில் அவளுக்குப் புதிதில்லை. கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருக்கிறாள், டிஜிட்டல் காமிரா வந்துவிட்டது. ஏனாத்தூர் காலேஜ் பிள்ளைகள் அடையாள அட்டைக்குப் படமெடுக்க உன் கடைக்குத்தான் வருகிறார்கள். "மூஞ்சிய நிமித்துப்பா" என்று உன்னை மாதிரியே அதட்டுகிறாள். பாஸ்போர்ட் சைஸ், பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாம் எடுக்கிறாள். கல்யாணம் மட்டும் எடுப்பதில்லை. நீ எங்களை விட்டுப் போன அந்த மாதமே, கடைப் பலகையில் 'திருமணம் மற்றும் சுபநிகழ்ச்சிகளுக்கு' என்று நீ ஆசையாக எழுதிவைத்திருந்த வரியின் மேல் பழுப்புக் காகிதத்தை ஒட்டிவிட்டாள். கல்யாணத்தில் மணமக்களுக்கு நேர் எதிரில் நிற்கிற ஆள் யார்? போட்டோக்காரன்தான். தாலி ஏறுகிற நேரத்தில் புருஷனை இழந்தவள் எதிரில் நிற்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் தானே ஒதுங்கிக்கொண்டாள்.

கல்யாண ஆர்டர் இல்லாமல் ஒரு ஸ்டூடியோ எத்தனை நாள் நடக்கும் என்று உனக்குத் தெரியாதா?

போன மாதம் மரகதம் பேங்கில் கொடுப்பதற்குப் படமெடுக்க அங்கே போயிருந்தாள். திருப்புட்குழியிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணத்துக்குப் படமெடுக்கச் சொல்ல வந்தது. உன் பேரைக் கேள்விப்பட்டு வந்தவர்கள். "அவரு போயிட்டாருங்க. நான் கல்யாணத்துக்கு வர்றதில்ல" என்றாளாம் சுலோச்சனா. "சரிதாம்மா, சரிதாம்மா" என்று அவர்கள் அவசரமாகப் படியிறங்கிப் போனார்களாம். அந்த அவசரம்தான் மரகதத்துக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்.

"நமக்குக் கல்யாண போட்டோ எடுக்கணும். சுலோச்சனாதான் எடுக்கணும். எதிர்ல நின்னு."

"இத்தன வருஷம் வேணாம்னியே."

"அப்ப வேணாம். இப்ப வேணும்."

இதுதான் உன் தங்கச்சி. அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் ஏகாம்பரநாதரே வந்தாலும் மாற்ற முடியாது.

சுலோச்சனா ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாண்ணி, ஊர்ல ஒரு பேச்சு வந்துட்டா உங்களுக்கும் கஷ்டம்" என்றாள். அதற்கு மரகதம் ஒன்று கேட்டாள். அன்றிலிருந்து அது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "நம்ம தெருவுல புருஷன் இல்லாதவங்க எத்தன பேரு தறியில குந்தி முகூர்த்தப் பொடவ நெய்யறாங்க? அதக் கட்டிக்கினுதான ஊரு ஒலகமெல்லாம் மணையில குந்துது? அவங்க நெய்யலாம், நீ எதிர்ல நிக்கக் கூடாதா?" சுலோச்சனா யோசித்துச் சொல்கிறேன் என்றாள். நேற்று வரைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

என் அக்காவையும் ஆற்காட்டிலிருந்து வரச்சொல்லியிருக்கிறோம். நான் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சையும் போட்டவள் அவள்தானே, நாத்தனார் இல்லாமல் அந்தப் படம் எப்படி? உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அன்றைக்கு அரக்குப் புடவையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக வந்து, பந்தியில் உன்னைப் பிடித்துக்கொண்டு "என் மூஞ்சி நல்லா வுழுந்துச்சாடா?" என்று கேட்டாளே? "சினிமா ஸ்டார் மாதிரி இருக்குதுக்கா" என்று வாய் கூசாமல் சொன்னாயே? அதே அக்காதான். ஆனால் சாஸ்திரம், சகுனம் என்றால் இம்மி விட்டுக்கொடுக்க மாட்டாள். யார் எடுக்கிறார்கள் என்று அவளிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

தெருவில் நீளமாகக் கட்டியிருந்த பாவு நூலைச் சுருட்டிவிட்டார்கள். ஆட்டோ சத்தம் கேட்கிறது. அக்காதான். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

விளக்கு வைத்தாயிற்று. என்னால் இன்னும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். எங்கே விட்டேன்? அக்கா வந்தாள். மரகதம் கல்யாணப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். நான் நெய்த புடவைதான் அது. ஜாக்கெட் மட்டும் ஏறவில்லை. இரண்டு பக்கமும் தையலைப் பிரித்துவிட்டும் ஏறாமல், பக்கத்து வீட்டில் வேறு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். என் பட்டுச் சட்டையைப் பற்றி நீ கேட்காதே.

சுலோச்சனா வந்தாள் மச்சான். வாசலில் அவளைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோளில் காமிராப் பை, உன்னுடைய பழைய பைதான். அக்கா அவளைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"போட்டோ புடிக்கிறது யாரு?"

"சுலோச்சனாதான்க்கா" என்றேன்.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள், ஆனால் அவள் தாழ்த்தினாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். "இன்னாடா இது, நல்ல நாளும் அதுவுமா. அந்தப் பொண்ணு மேல எனக்கு இன்னா கோவம்? பாவம், நல்ல பொண்ணு. ஆனா எதிர்ல வந்து நிக்கலாமா?" மரகதம் தன் தறிப் புடவைக் கேள்வியை எடுத்துவிட்டாள். அக்காவும் சளைக்கவில்லை. "நெய்யறது வேற, எதிர்ல நிக்கிறது வேற. நெய்யறவ மணவறைக்கு வர்றாளா?"

நான் வாசலுக்கு ஒரு நடை போய் வந்தேன். வேறென்ன தெரியும் எனக்கு?

சுலோச்சனா கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அக்கா சொல்றது சரிதான். நான் பக்கத்துல நின்னு எடுத்துடறேன், எதிர்ல வரமாட்டேன்" என்று சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். மரகதம், இதற்காகவா ஒரு மாதமாக மல்லுக்கு நின்றேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மணை போட்டு உட்கார்ந்தோம். அறுபதுக்கு முன்னால் இன்னொரு தடவை தாலி கட்டக் கூடாதல்லவா, அதனால் அவள் கழுத்தில் இருக்கிற சரட்டை நான் கையில் பிடித்துக்கொள்வது மட்டும்தான். அக்கா பின்னால் குனிந்து முடிச்சுப் போடுகிற மாதிரி நின்றாள். சுலோச்சனா சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு படம் எடுத்தாள். மூன்றாவது எடுப்பதற்குள் அக்கா நிமிர்ந்துவிட்டாள்.

"இதுல ஒடனே பாக்கலாமாமே? காட்டும்மா."

காமிராவின் பின்பக்கத்துச் சின்னத் திரையில் சுலோச்சனா படத்தைக் காட்டினாள். என் காது தெரிந்தது. மரகதத்தின் மூக்கு தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு முழம் மல்லிகைப்பூ தெரிந்தது. பூவுக்குப் பின்னால் ஒரு பட்டுப் புடவையின் தோள்.

"நான் எங்கம்மா?"

"பூ மறைக்குதுக்கா. பக்கத்துலேருந்து எடுத்தா அப்படித்தான் வரும்."

அக்கா அடுத்த படத்தைப் பார்த்தாள். அதிலும் பூதான். "அன்னிக்கு அவன் பிலிமு மாட்டாம வுட்டான். இன்னிக்கும் என் மூஞ்சி வுழலன்னா நான் எதுக்கு பஸ் ஏறி வந்தேன்?" என்றாள். அக்கா கொண்டையைத் தொட்டுச் சரிசெய்தாள், முந்தானையை இழுத்துவிட்டாள்.

"எதிர்ல வாம்மா" என்றாள்.

சுலோச்சனா நகரவில்லை.

"உன்னத்தான் சொல்றேன். எதிர்ல வா. நல்லா நடுவுல நின்னு எடு. சாமிக்குத் தெரியாதா உன் மனசு?"

உனக்கு நம் வீட்டுக் கூடம் தெரியும். எதிரில் நிற்பதென்றால் இடம் எங்கே இருக்கிறது, முக்கால்வாசி தறிதானே? மூன்று பேரும் படத்தில் அடங்க வேண்டுமென்றால் தறிப்பள்ளத்தில் இறங்கித்தான் நிற்க வேண்டும். சுலோச்சனா செருப்பில்லாத காலோடு மெதுவாக இறங்கினாள். "பாவு மேல சாஞ்சிடாதம்மா" என்று மட்டும் மரகதம் சொன்னாள். நான் தினமும் உட்கார்ந்து நெய்கிற இடத்தில், பாதி நெய்த ஒரு முகூர்த்தப் புடவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்களுக்கு நேர் எதிரில் உன் பெண்டாட்டி நின்றாள்.

அந்தக் காமிராவில் கண்ணை வைத்துப் பார்க்கவே வேண்டாமாம், திரையிலேயே எல்லாம் தெரியுமாம். ஆனாலும் அவள் அதைத் தூக்கிக் கண்ணில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டாள். உன்னை மாதிரியே.

"ஆடாதீங்கண்ணா" என்றாள்.

நான் ஆடவில்லை மச்சான். என் கைதான் ஆடியது.

படம் நன்றாக வந்திருக்கிறது. அக்காவின் முகம் முழுநிலா மாதிரி விழுந்திருக்கிறது. அவளே திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்துவிட்டு "அந்த ஏகாம்பரம் பாத்திருந்தா இன்னா சொல்லியிருப்பான்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம், பிறகு எல்லாரும் அழுதோம். சரடு பிடித்த என் கை மட்டும் படத்தில் கலங்கலாக இருக்கிறது. சுலோச்சனா இன்னொன்று எடுக்கிறேன் என்றாள். "வேணாம்மா, இருக்கட்டும். அதான் அவரு" என்றாள் மரகதம்.

அன்றைக்கே இதோடு கடிதத்தை முடித்திருந்தால் உனக்கும் சந்தோஷம், படிக்கிறவர்களுக்கும் சந்தோஷம். ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. அக்கா கிளம்பும்போது வாசலில் நின்று சுலோச்சனாவிடம் ஒன்று சொன்னாள். "தையில என் பொண்ணுக்குக் கல்யாணம். வூட்டுக்காரரக் கேட்டுட்டு போன் பண்றேன்."

அது நடந்து இன்றைக்கு நாலு நாள் ஆகிவிட்டது. போன் வரவில்லை. நான் தறியிலிருந்து எழுந்து எழுந்து போனைப் பார்க்கிறேன். ரிசீவரை எடுத்து லைன் இருக்கிறதா என்று கேட்கிறேன். ஒருவேளை அத்தான் வேண்டாம் என்றிருப்பாரோ? ஒருவேளை அக்காவே ஊருக்குப் போனதும் மனசு மாறியிருப்பாளோ? நம் கூடத்தில் நாலு பேருக்கு நடுவே சொல்வது வேறு, மண்டபத்தில் நானூறு பேருக்கு நடுவே சொல்வது வேறு. எனக்குத் தெரிகிறது. சுலோச்சனாவுக்கும் தெரிகிறது. நேற்று கடைப்பக்கம் போனேன். பழுப்புக் காகிதம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒரு ஓரம் கிழிந்து 'தி' என்ற எழுத்து வெளியே தெரிகிறது. காற்றில் கிழிந்ததா, அவளே நகத்தால் கிள்ளிப் பார்த்தாளா? நான் கேட்கவில்லை.

எங்கள் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாகிவிட்டது, ஆனால் மாட்டவில்லை. உன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்துவைத்திருக்கிறேன். மரகதம் தினமும் கேட்கிறாள், ஏன் மாட்டவில்லை என்று. அந்தப் படத்தில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம், எதிரில் நின்றவள் இல்லை. அவள் எதிரில் நின்றதை இந்த ஊர் பார்க்காதவரை அது வெறும் வீட்டுப் படம்தான்.

ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதி ஆற்காட்டுக்குப் போகும். அக்கா படிப்பாள், தன் பேச்சு அச்சில் வந்திருப்பதை அத்தானுக்கும் படித்துக்காட்டுவாள், அவளால் காட்டாமல் இருக்க முடியாது. அப்படியும் போன் வராவிட்டால் நானே பஸ் ஏறிப் போய் அவர்கள் வாசலில் உட்காருவேன். ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதவன் என்று என்னை நீயும் மரகதமும் சேர்ந்து கேலி செய்தீர்களே, அங்கே உட்காருவேன், பதில் வரும்வரை. தையில் தாலி ஏறும்போது உன் சுலோச்சனா நேர் எதிரில், நட்டநடுவில் நிற்பாள். அன்றைக்குச் சாம்பார் வாளியை நான் தூக்கிக்கொள்கிறேன், அவள் காமிராவை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

அதை முடித்துவிட்டு வந்துதான் எங்கள் படத்தை உன் பக்கத்தில் மாட்டுவேன். அதுவரைக்கும் அந்த ஆணி வெறுமனே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டி வாய்நிறையக் கூப்பிடுகிற அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
படத்திலும் கை ஆடிய தனசேகர்
பிள்ளையார்பாளையம்